பழைய விண்டோஸை மீண்டும் நிறுவுதல்: வாகரையில் திறக்க மறுத்த மனுக்கள்

2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் வாகரையில் உள்ள ஒரு சிறிய கொமினிகேஷன் கடையின் கணினியை நான் பழுதாக்கினேன். உதவி செய்வதாக நினைத்துக்கொண்டுதான் செய்தேன். ஆனால் அடுத்த நாள் காலை ஒரு தாய் தன்னுடைய பழைய மனுவின் பிரதி ஒன்றைக் கேட்டு அந்தக் கடைக்கு வந்தபோது அதைத் திறக்க முடியவில்லை.

கடையை நடத்தும் அக்கா 2007இல் மீள்குடியேறிய காலத்திலிருந்து தட்டச்சு செய்து வருகிறார். போட்டோக்கொப்பி, ரீலோட், கடிதம், விண்ணப்பம், மரண அறிவித்தல், கோயில் திருவிழா நோட்டீஸ் என்று எல்லாமே அந்த ஒரு மேசையில்தான். கணினியில் இருந்தது விண்டோஸ் 7, அதுவும் 32 பிட் பதிப்பு. அந்த வருடம் பெப்ரவரியில் கூகிள் குரோம் உலாவி விண்டோஸ் 7க்கான புதிய பதிப்புகளை நிறுத்திவிட்டது. அதன் பிறகு இணையவழியில் நிரப்ப வேண்டிய படிவங்கள் ஒவ்வொன்றாகத் திறக்க மறுத்தன. புதிய கணினி வாங்கலாம் என்றால், 2022இன் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்ட காலத்தை அப்போதுதான் தாண்டியிருந்தோம். எனவே பழைய பெட்டியிலேயே விண்டோஸ் 10ஐப் போட்டுத் தருகிறேன் என்றேன்.

நான் ஊடகக் கற்கை படித்தவன், கணினித் தொழில்நுட்பவியலாளன் அல்ல. எங்கள் பக்கத்தில் ஒரு மடிக்கணினி வைத்திருந்தாலே அவர் கணினி வைத்தியர்தான். பென் டிரைவில் விண்டோஸ் 10இன் 64 பிட் பதிப்பைக் கொண்டுபோய் ஒரு பின்னேரத்துக்குள் நிறுவிவிட்டேன். கணினி திறந்தது, குரோம் வேலை செய்தது, அக்கா தேத்தண்ணி தந்தார். காலையில் தொலைபேசி வந்தது.

“தம்பி, நேற்று இருந்த ஒண்டும் இண்டைக்கு இல்ல. டெஸ்க்டொப் வெளிச்சுப்போய் கிடக்கு. பிரிண்டரும் அசையுதில்ல.”

நான் போய்ச் சேர்ந்தபோது அந்தத் தாய் வாசலில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். அவருடைய மகன் காணாமற்போனது போர்க்காலத்தில். 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு நியமிக்கப்பட்டபோது ஒரு மனு எழுதினார். 2013இல் பரணகம ஆணைக்குழு வந்தபோது இன்னொன்று. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் காணாமற்போனோர் அலுவலகம் உருவான பிறகு மற்றொன்று. மூன்றையும் தட்டச்சு செய்தது இந்த அக்காதான். தாயிடம் இருந்த கடதாசிப் பிரதிகள் மழைவெள்ளத்தில் போய்விட்டன. அவருக்கு வேண்டியது 2010ஆம் ஆண்டின் பிரதி. “மனே, அதிலதான் நான் முதல்ல சொன்னது இருக்கு. நாள், நேரம், உடுத்திருந்த சறம் எல்லாம் அதிலதான் சரியா இருக்கு” என்றார்.

இதைப் படிக்கிற பலருக்கு இந்த வாக்கியத்தை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒவ்வொரு ஆணைக்குழுவுக்கும் அதே கதையைத் திரும்பச் சொல்லும்போது ஒரு திகதி மாறிவிட்டால், மாறியது ஏன் என்ற கேள்விதான் முதலில் வரும். 2004 டிசம்பர் சுனாமி, 2006இல் மூதூர் கிழக்கிலிருந்தும் ஈச்சிலம்பற்றிலிருந்தும் வந்து சேர்ந்த சனங்களின் இடப்பெயர்வு, அதே ஆண்டு நவம்பர் 8இல் கதிரவெளிப் பாடசாலை மீது விழுந்த எறிகணைகள், 2007 ஜனவரியில் வாகரை இராணுவத்தின் கைக்குப் போனது என்று இரண்டு வருடங்களுக்கு மேலான காலத்தில் இந்தப் பிரதேசம் தன் கடதாசிகளைப் பல தடவை இழந்தது. அதற்குப் பிறகு திரும்ப எழுதப்பட்டவற்றில் ஒரு பகுதி அக்காவின் டெஸ்க்டொப்பில் “பழசு” என்ற பெயரில் ஒரு போல்டராக இருந்தது. அதன் இன்னொரு பிரதி எங்கும் இல்லை.

என்ன போனது, என்ன போகவில்லை

ஒரு கணினியின் விண்டோஸை மாற்றும்போது மூன்று வேறு வேறு பொருட்கள் அசைகின்றன. நாங்கள் எழுதிச் சேமித்த பைல்கள் ஒன்று. அவற்றைத் திறக்கும் மென்பொருட்களும் எழுத்துருக்களும் இரண்டாவது. பிரிண்டர், ஸ்கேனர் போன்றவற்றை இயக்கும் டிரைவர்கள் மூன்றாவது. “டி டிரைவில போட்டா ஒண்டும் ஆகாது” என்று எல்லோரும் சொல்வது முதலாவதற்கு மட்டும்தான் பொருந்தும். அக்கா டெஸ்க்டொப்பில் சேமித்திருந்தார். டெஸ்க்டொப் இருப்பது சி டிரைவில், விண்டோஸ் இருக்கும் அதே இடத்தில்.

நல்லகாலமாக, நிறுவும்போது சி டிரைவை நான் போமற் செய்யவில்லை. திறமையால் அல்ல, அவசரத்தால். போமற் செய்யாமல் அதே இடத்தில் விண்டோஸை நிறுவினால், பழைய விண்டோஸ் முழுவதையும் நிறுவல் நிரல் விண்டோஸ் டொட் ஓல்ட் என்ற போல்டருக்குள் ஒதுக்கி வைக்கும். அதற்குள் யூசர்ஸ், அதற்குள் பாவனையாளரின் பெயர், அதற்குள் டெஸ்க்டொப். “பழசு” அங்கே இருந்தது. பார்த்தவுடன் அந்தப் போல்டரை அப்படியே இரண்டு பென் டிரைவ்களில் பிரதி எடுத்தேன். விண்டோஸ் டொட் ஓல்ட் என்றைக்கும் அங்கே இருக்கும் என்று நம்பக்கூடாது. இடத்தை மிச்சப்படுத்த விண்டோஸே ஒருநாள் அதை அழிக்கும்.

பைல்கள் கிடைத்தன, ஆனால் திறக்கவில்லை. வேர்ட்டில் இருந்த கடிதங்கள் திறந்தபோது திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். காரணம் பாமினி. யூனிகோட் பரவுவதற்கு முன்பு, ஏன் அதற்குப் பிறகும் நெடுங்காலம், இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் தமிழ் தட்டச்சின் அன்றாட எழுத்துரு அதுதான். பாமினியில் “அம்மா” என்று அடித்தால் கணினி சேமிப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகளைத்தான். அவற்றுக்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துவது எழுத்துரு. அது இல்லாவிட்டால் போர்வை போய்விடும். இதைச் சரிசெய்வது சுலபம். விண்டோஸ் டொட் ஓல்ட்டுக்குள் விண்டோஸ், அதற்குள் பொன்ட்ஸ் என்ற போல்டரில் பாமினி பைல் இருக்கும். அதைப் பிரதி எடுத்துப் புதிய விண்டோஸில் நிறுவினால் கடிதங்கள் உயிர்பெறும்.

ஆனால் 2010இன் மனு வேர்ட்டில் இல்லை, பேஜ்மேக்கரில் இருந்தது. அக்கா தொழில் பழகியது ஓர் அச்சகத்தில், அதனால் முக்கியமானதையெல்லாம் பேஜ்மேக்கரில்தான் அடிப்பார். அவரிடம் இருந்த சி.டி.யைப் போட்டால் புதிய விண்டோஸ் அதை நிறுவவே மறுத்தது. 32 பிட் காலத்து மென்பொருட்கள் பலவற்றின் நிறுவல் நிரல் அதற்கும் முந்திய 16 பிட் முறையில் எழுதப்பட்டது. 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரல்களை இயக்காது, எந்த அமைப்பை மாற்றினாலும் இயக்காது. பழைய பிரிண்டருக்கும் 32 பிட் டிரைவர் மட்டுமே இருந்தது. இன்று யோசித்தால், விண்டோஸ் 10இன் 32 பிட் பதிப்பைப் போட்டிருந்தால் பாதிப் பிரச்சினை வந்திராது. அப்போது அது தோன்றவில்லை. விண்டோஸ் 11இல் அந்த வழியும் இல்லை, அது 64 பிட்டில் மட்டுமே வருகிறது.

ஆக, விண்டோஸ் 7க்குத் திரும்ப வேண்டும்.

திரும்பும் வழி

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செற்றிங்ஸில் ரிக்கவரி என்ற பகுதியில் முந்திய பதிப்புக்குத் திரும்பும் பொத்தான் ஒன்று உண்டு. இருக்கிற விண்டோஸின் மேலேயே தரமுயர்த்தியவர்களுக்கு, முதல் 10 நாட்களுக்குள் மட்டுமே அது வேலை செய்யும். பைல்கள் இருக்கும். தரமுயர்த்திய பின் நிறுவிய மென்பொருட்கள் போய்விடும். இந்தப் 10 நாட்கள் பலருக்குத் தெரிவதில்லை. கடையில் மாற்றிக் கொடுத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து, இரண்டு கிழமை கழித்துப் பிரிண்டரைப் பூட்டிப் பார்க்கும்போது பொத்தான் செத்திருக்கும். மாற்றிய அன்றைக்கே பிரிண்டர், ஸ்கேனர், பழைய பைல்கள் எல்லாவற்றையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

எனக்கு அந்தப் பொத்தானே கிடையாது. 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு நேரடித் தரமுயர்த்தல் இல்லை, புதிதாகத்தான் நிறுவ முடியும். புதிதாக நிறுவினால் பொத்தான் வராது.

இந்த முறை அவசரப்படவில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் இன்னொரு டிஸ்க்கில் விண்டோஸ் 7ஐ நிறுவுவது என்று முடிவெடுத்தோம். வாழைச்சேனையில் பாவித்த 120 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று கிடைத்தது. யாராவது என்னிடம் ஒரே ஒரு ஆலோசனை கேட்டால் இதைத்தான் சொல்வேன். பழையதன் மேல் எழுதாதீர்கள், வேறு டிஸ்க்கில் நிறுவுங்கள். அழிந்த பைலை மீட்கலாம் என்பது அதன் மேல் வேறொன்றும் எழுதப்படாத வரைக்கும்தான். எஸ்.எஸ்.டி.யில் அழிந்தால் அந்த வாய்ப்பும் மிகக் குறைவு.

அடுத்தது நிறுவல் டிஸ்க். விண்டோஸ் 7ஐ மைக்ரோசொப்ட் இப்போது தன் தளத்தில் பொதுவாகப் பதிவிறக்கத் தருவதில்லை. தேடினால் வேறு இடங்களில் நூறு கிடைக்கும். அவற்றுள் என்ன சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள் என்பது கட்டியவருக்குத்தான் தெரியும். அனுமதி இலக்கம் இல்லாமல் செயற்படுத்தித் தரும் குட்டி நிரல்கள் அதைவிட மோசம். எனக்கு மட்டக்களப்பில் ஒரு நண்பரிடம் மூல டி.வி.டி. கிடைத்தது. 25 எழுத்து அனுமதி இலக்கம் கணினிப் பெட்டியில் ஒட்டியிருந்த ஸ்ரிக்கரில் இருந்தது, பாதி அழிந்த நிலையில். தொலைபேசிக் கமெராவில் பெரிதாக்கி வாசித்தோம். இலக்கம் இல்லாவிட்டாலும் விண்டோஸ் 7ஐ 30 நாட்கள் செயற்படுத்தாமல் பாவிக்கலாம். பைல்களைத் திறந்து வெளியே எடுக்க மட்டும் என்றால் அந்த 30 நாட்கள் தாராளம், திருட்டு நிரல் எதுவும் தேவையில்லை.

நிறுவத் தொடங்கியதும் முதல் தடை: இந்த டிஸ்க் ஜி.பி.ரி. முறையில் பிரிக்கப்பட்டது, இதில் நிறுவ முடியாது என்ற செய்தி. அந்த எஸ்.எஸ்.டி. முன்பு ஒரு புதிய மடிக்கணினியில் இருந்திருக்கிறது. விண்டோஸ் 7இன் 32 பிட் பதிப்புக்குப் பழைய எம்.பி.ஆர். முறைதான் வேண்டும். மாற்றுவதற்கு ஷிப்ட் விசையோடு எஃப் 10ஐ அழுத்திக் கறுப்புத் திரையைத் திறந்து, டிஸ்க்பார்ட் என்ற நிரலில் டிஸ்க்கைத் தெரிவுசெய்து, கிளீன் என்ற கட்டளை கொடுக்க வேண்டும். கிளீன் கொடுத்தால் டிஸ்க்கின் பிரிப்புகள் எல்லாம் ஒரு நொடியில் போகும். உறுதியாகவா என்று அது கேட்காது. திரையில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று இரண்டு தெரிந்தன. நான் 0 என்று அடித்துவிட்டேன். அடுத்த சொல்லை அடிக்கக் கை போகும்போது பின்னால் நின்ற அக்கா, “தம்பி, அதில 465 எண்டு கிடக்கு. நீங்க வாங்கினது 120 தானே?” என்றார்.

பழைய டிஸ்க்கின் வயரைக் கழற்ற மறந்திருந்தேன். கணினியை நிறுத்தி, வயரைக் கழற்றி, டிஸ்க்கைப் பத்திரிகைத் தாளில் சுற்றி அக்காவின் கையில் கொடுத்துவிட்டுத்தான் மீண்டும் தொடங்கினேன்.

மற்றவை அவ்வளவு பெரிய விடயங்கள் அல்ல. விண்டோஸ் 7இன் நிறுவலுக்கு யூ.எஸ்.பி. 3 தெரியாது, ஆகவே பென் டிரைவையும் விசைப்பலகையையும் நீல நிறத் துளையில் அல்லாமல் கறுப்புத் துளையில் பூட்ட வேண்டும். நிறுவி முடிந்ததும் டிவைஸ் மெனேஜரில் மஞ்சள் அடையாளங்கள் வரிசையாக நின்றன. நெட்வேர்க்குக்கு டிரைவர் இல்லை, எங்களுக்கு அது வேண்டியும் இருக்கவில்லை. பிரிண்டரின் சி.டி. பெட்டிக்குள்ளேயே இருந்தது. பேஜ்மேக்கர் முனகாமல் நிறுவப்பட்டது. பாமினியைப் போட்டு, 2010இன் பைலை அக்காதான் திறந்தார்.

இரண்டரைப் பக்கங்கள். அந்தத் தாய்க்கு வாசித்துக் காட்டினோம். சறம் நீலம் என்று இருந்தது. பிறகு எழுதியவற்றில் அது பச்சையாகியிருந்ததாம்.

வெளியே எடுப்பது

பழைய விண்டோஸ் கிடைத்துவிட்டது என்று அதிலேயே குடியிருக்க முடியாது. விண்டோஸ் எக்ஸ்.பி.க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8உடன் நின்றன, விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14உடன். 2017 மே மாதத்தில் வொன்னாக்ரை என்ற தீநிரல் உலகம் முழுக்கப் பரவி இங்கிலாந்தின் மருத்துவமனைகளைக்கூட முடக்கியபோது, அதில் மாட்டியவற்றில் பெரும்பாலானவை திருத்தம் போடாத விண்டோஸ் 7 கணினிகள். அது பைல்களைப் பூட்டி வைத்துவிட்டுப் பணம் கேட்டது. பிரதி இல்லாத மனுக்கள் உள்ள கணினிக்கு அப்படி ஒன்று நேர்ந்தால் என்னவாகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. ஆகவே பழைய விண்டோஸ் உள்ள டிஸ்க்கை இணையத்தோடு இணைக்கவே கூடாது. பென் டிரைவில் எடுப்பதையும் புதிய கணினியில் வைரஸ் சோதனை செய்துவிட்டுத் திறக்க வேண்டும்.

ஒவ்வொரு பேஜ்மேக்கர் பைலையும் பி.டி.எஃப். ஆக மாற்றினோம். எழுத்துருவை உள்ளே பதித்து எடுத்தால் எந்தக் கணினியிலும் பார்த்தபடியே தெரியும், அச்சிடலாம். ஆனால் பார்க்கத்தான் தமிழ், உள்ளே இன்னும் ஆங்கில விசைகள்தான். ஒரு பெயரைத் தேடினால் கிடைக்காது. தேட வேண்டுமென்றால் யூனிகோட்டுக்கு மாற்ற வேண்டும். சுரதாவின் எழுத்துரு மாற்றி, என்.எச்.எம். மாற்றி போன்றவை இலவசமாக இருக்கின்றன. பெயர் விபரங்கள் உள்ள மனுவை இணையத்தில் ஒட்டி மாற்றுவதைவிட, கணினியில் நிறுவி மாற்றுவது எனக்கு விருப்பம்.

மாற்றும்போது ஒரு பொறி இருக்கிறது. மாற்றி எல்லாவற்றையும் பாமினி என்றே நினைக்கும். பாமினியில் காற்புள்ளி விசைதான் “இ”. எங்கள் இணையத்தளங்களில் 1,500 ரூபா “1இ500 ரூபா” என்று வருவதைப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள், அது இப்படி வந்ததுதான். ஆனால் அடையாள அட்டை இலக்கத்தில் சிரிக்க முடியாது. பழைய தேசிய அடையாள அட்டையில் 9 இலக்கங்களுக்குப் பிறகு வி அல்லது எக்ஸ் என்ற ஆங்கில எழுத்து வரும். மாற்றி அந்த வி எழுத்தை “ஏ” ஆக்கும், எக்ஸ் எழுத்தை “ஓ” ஆக்கும். அடுத்து யாராவது அந்த ஏயைப் பார்த்து ஆங்கில ஏ எழுத்தாக அடித்துவிட்டால், காணாமற்போனவருடைய அடையாள அட்டை இலக்கம் மனுவுக்கு மனு வேறாகிவிடும். ஒவ்வொரு இலக்கத்தையும் பி.டி.எஃப். பிரதியோடு கண்ணால் ஒப்பிட்டோம். மிக நீண்ட நேரம் எடுத்தது இந்த வேலைதான்.

இன்னொரு விடயம். இந்த வேலைக்காகக் கணினியைப் பழுதுபார்க்கும் கடையில் விட்டுவிட்டு வருவது எங்கள் ஊர்களில் சாதாரணம். அதற்குள் காணாமற்போனவர்களின் பெயர்கள், சாட்சி சொன்னவர்களின் பெயர்கள், தொலைபேசி இலக்கங்கள் இருக்கின்றன என்பதை மறந்துவிடுகிறோம். கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம், கடைக்கு வந்துபோகிறவர் யார் என்று அவருக்கும் தெரியாது. கொடுக்க வேண்டி வந்தால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் கொடுங்கள். மடிக்கணினியென்றால் பக்கத்தில் இருந்து செய்வித்துக்கொண்டு வாருங்கள்.

இதை இப்போது எழுதக் காரணம், விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. எல்லாக் கடைகளிலும் விண்டோஸ் 11க்கு மாறச் சொல்கிறார்கள். ரி.பி.எம். 2 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய கணினிகளை அது அதிகாரபூர்வமாக ஏற்காது என்பதால், மாறுவதும் பிறகு திரும்பி ஓடுவதும் இனி அடிக்கடி நடக்கும். விண்டோஸ் 11 உள்ள மடிக்கணினியில் பழையதை நிறுவ முன், டிஸ்க் பிட்லொக்கரால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பூட்டியிருந்தால் 48 இலக்க மீட்புத் திறவுகோலை முதலில் எழுதி வையுங்கள். அது இல்லாமல் டிஸ்க்கை வேறு கணினியில் பூட்டினால் எதுவும் வாசிக்க முடியாது.

ஓரளவு நல்ல கணினி இருக்கிறவர்களுக்கு, விண்டோஸை மாற்றாமலே இன்னொரு வழி உண்டு. வேர்ச்சுவல்பொக்ஸ் என்ற இலவச மென்பொருளுக்குள் பழைய விண்டோஸை ஒரு ஜன்னலில் ஓடவிடலாம். அதன் நெட்வேர்க்கை அணைத்து வைத்தால் வெளியுலகம் அதற்குத் தெரியாது. எக்ஸ்.பி.க்கு 512 எம்.பி. நினைவகமே போதும். 2 ஜி.பி. மட்டும் இருந்த அக்காவின் பெட்டியில் இது சரிவரவில்லை. லிப்ரே ஒபிஸ் 4.4 பதிப்பிலிருந்து பேஜ்மேக்கர் பைல்களை நேரடியாகவும் திறக்கும். பக்க அமைப்பு கொஞ்சம் கலையும், ஆனாலும் எழுத்தை எடுக்கலாம். இது எனக்கு அன்று தெரிந்திருந்தால் டிஸ்க்பார்ட் வரைக்கும் போயிருக்க மாட்டேன்.

அக்காவின் கணினி இப்போது விண்டோஸ் 10இன் 32 பிட் பதிப்பில் ஓடுகிறது, மெதுவாக. அதையும் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. விண்டோஸ் 7 உள்ள எஸ்.எஸ்.டி. மேசை லாச்சியில், பத்திரிகைத் தாளில் சுற்றியபடி. “பழசு” போல்டரின் பிரதிகள் மூன்று இடங்களில் இருக்கின்றன, ஒன்று வாகரைக்கு வெளியே. பேஜ்மேக்கருக்கும் முந்திய ஏதோ மென்பொருளில் அடித்த சில பைல்களை இன்னும் திறக்க முடியவில்லை. அவற்றில் ஒன்றின் பெயர் சுனாமி. அந்த டிஸ்க்கைப் பூட்ட மாதத்துக்கு ஒருமுறையாவது அக்கா என்னைக் கூப்பிடுகிறார். யாராவது ஒரு தாய் வந்திருப்பார்.